எதிர்க்கடைக் கேமரா

ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், தி.நகரில் இரண்டு மாடித் தையல்கடை என் சொந்த உழைப்பில் வந்தது. ஆனாலும் எதிர்த் தையல்கடை மல்லிகாவிடம் கூட்டம் நின்றால் எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன். கேமராவோடு வரும் பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் வெளியாளும் எட்டிப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் இருவர் கடைக்கும் கேமரா மாட்டியது ஒரே ஆள். என் கடையில் இருந்தபடியே, கைபேசியில் என் பாஸ்வேர்டையே அவள் கேமராவுக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்துகொண்டது.

மல்லிகா கல்லாவில் உட்கார்ந்து ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திரையில் நீலப் புடவைக்காரி ஒருத்தி கைபேசியைக் கண்ணருகே பிடித்திருந்தாள். அது நான். என் கேமராவின் பாஸ்வேர்டை நானும் மாற்றவில்லை.

உடனே போன் செய்தேன். “இன்னாமே பாத்துக்கினு கீற?”

“நீ இன்னா பாக்குறியோ அதத்தான்க்கா.”

“எத்தினி நாளா?”

“மூணு மாசமா. உன் கடை கூட்டத்தப் பாத்தா எனக்கு சோறு எறங்கல.”

இருவரும் அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம். என் கதவைத் திறந்துபோட்டுவிட்டு அவள் கதவைத் திறந்தேனே என்று இன்னும் கூசுகிறது. இருந்தாலும் அவள் சோறு இறங்கவில்லை என்றது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது.