ராசாவின் ரோட்டில் மூன்று கல்

போன மே மாதம், நோர்வேயில் நாங்கள் இருக்கிற ரொம்சோஸ் காட்டுக்குள் இருக்கிற பழைய செங்கல் ரோட்டைத் துப்புரவு செய்யப் போயிருந்தேன். வருடாவருடம் பனி கரைந்ததும் அக்கம்பக்கத்தார் கூடிச் செய்கிற சிரமதானம் அது. இங்கே அதற்கு டுக்னாட் என்று பெயர். மற்றவர்கள் குந்தியிருந்து கல்லிடுக்குப் புல்லைப் பிடுங்குவார்கள். குந்தினால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும் என்கிற நிலைமைக்கு நான் வந்துவிட்டபடியால், எனக்குக் கோப்பி ஊற்றுகிற பதவி. பதவியில் குறை வைப்பதில்லை. ஊற்றுவதில் பாதியை நானே குடித்துச் சரி பார்த்துவிடுவேன்.

குதிரை வண்டிக் காலத்தில் ஒஸ்லோவிலிருந்து வடக்கே போன நெடுஞ்சாலையின் மிச்சம் அந்த ரோட்டு. மற்ற இடமெல்லாம் சரளை மண்தான். இந்தத் துண்டில் மட்டும் களிமண் சேற்றில் வண்டிச் சில்லுகள் புதைந்துகொண்டே இருந்ததால், பக்கத்துச் சூளையிலிருந்து செங்கல் கொண்டுவந்து குத்தாக நிறுத்திப் பதித்திருக்கிறார்கள். ரோட்டின் தொடக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர்த் தம்பி ஒருவர் அதைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க மேடம், சில கல்லுல கரி இருக்காம். அந்தக் காலத்துப் பயணிங்க இங்க அடுப்பு மூட்டி சமைச்சிருக்காங்களாம். சூப்பர்ல?"

"ஓம், நல்லாத்தான் சமைச்சவை" என்றேன்.

"நீங்க சாப்பிட்ட மாதிரியே சொல்றீங்களே!"

சாப்பிட்டவள்தான். சமைத்தவர் என் மாமா. சமைத்தது சக்கரைப் பொங்கல்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேருக்கே மூச்சு முட்டுகிற ரொம்சோஸ் வீட்டுக்கு நாலாவது ஆளாக, அம்மாவின் கடைசித் தம்பி வந்து சேர்ந்தார். அதற்கு முன் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை முழங்கை வரை நீளமான ஒரு சோடி ரப்பர் கையுறையும், எந்தச் சோப்புக்கும் மசியாத மீன் வாடையும். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. இருக்கவும் விடலாம், திருப்பியும் அனுப்பலாம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: மாமா எதிலும் மாட்டக் கூடாது. பஸ்ஸில் ஓடி ஏறக் கூடாது, உரத்துச் சிரிக்கக் கூடாது, சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு வாகனமும் இல்லாத வீதியிலும் நிற்க வேண்டும். மாமா நிற்பார். நின்று, இல்லாத வாகனங்களுக்குத் தலையாட்டி வழி விடுவார்.

அந்த வருடம் தை பிறப்பதற்கு வெகு முன்பே அவர் அம்மாவிடம் தொடங்கிவிட்டார்.

"கரண்ட் அடுப்பில பொங்கிறதும் ஒரு பொங்கலே அக்கா? வெளியில வைச்சுப் பொங்கினாத்தானே சூரியனுக்கு மணம் போகும்."

"இஞ்சை சூரியன் எங்கையடா நிக்குது, மணந்து பாக்க?"

ஆனால் அம்மாவுக்கும் ஆசைதான். வெளியில் பொங்க அடுப்பு வேண்டும், அடுப்புக்கு மூன்று செங்கல் வேண்டும். ரொம்சோஸ் முழுக்கக் கொங்கிரீட், மிச்சம் மரம். செங்கல்லுக்கு எங்கே போவது? இலையுதிர்காலத்தில் ஒருநாள் மாமா சில்லு வைத்த சாமான் பையை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் உலாவப் போனார். திரும்பி வந்தபோது பை தரையோடு தேய்ந்துகொண்டு வந்தது. உள்ளே மூன்று செங்கல், பாசி ஒட்டிக்கொண்டு.

"சொந்தக்காரன் இல்லாத கல்லு அத்தான்" என்றார் அப்பாவிடம். "காட்டுக்குள்ள சும்மா படுத்திருக்கு. கரையில கிடந்ததுதான், லேசாக் கழண்டு வந்திட்டுது. கல்லெடுத்த கிடங்கை மூடிப் பாசியும் வைச்சிட்டன்."

அப்போது பலகையும் இல்லை, வேலியும் இல்லை. பாசிக்கும் வேருக்கும் அடியில் ரோட்டு ஒளிந்து கிடந்த காலம். எங்கள் புளொக்கின் கீழ்த்தட்டில் இருந்த நோர்வேக் கிழவரும் அவருடைய சிநேகிதர்கள் சிலரும் ஞாயிறுகளில் போய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தக் கிழவரைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம், லிஃப்டில் அம்மாவின் கறி மணத்துக்கு அவருடைய நாய் தும்மும் என்பதுதான்.

பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. என்னைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்துவிட்டு, புளொக்குக்குப் பின்னால் பனியின் மேல் மாமா அடுப்பு வைத்தார். சூரியனைக் காணவில்லை. அப்பா ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு, "இந்த முகிலுக்குப் பின்னாலதான் நிப்பார்" என்று உத்தேசமாக ஒரு இடத்தைக் காட்ட, எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டோம். அம்மா கோலம் போட்டாள். வெள்ளைப் பனியில் வெள்ளை மா. போட்ட இடத்தை அவளே பிறகு தேடினாள்.

நெருப்புப் பிடித்தது. பால் சூடேறியது. சூடேறியது பால் மட்டுமல்ல, கீழே இருந்த பனியும்தான். இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. ஒரு கல் மெதுவாக இறங்கத் தொடங்கியது. பிறகு அடுத்தது. பானை, பஸ்ஸில் நித்திரை தூங்குகிறவரின் தலையைப் போல ஒரு பக்கம் சரிந்தது.

"பானையைப் பிடியடா!" என்று அம்மா கத்த, மாமா மீன் தொழிற்சாலைக் கையுறையோடு பாய்ந்து பானையைக் கட்டிப் பிடித்தார். சரிந்த பக்கத்தால் பால் பொங்கி வழிந்தது.

"வடக்குப் பக்கம் பொங்கியிருக்கு" என்றார் அப்பா, திசைகாட்டியைப் பார்த்தபடி. "நல்லதோ கூடாததோ தெரியேல்லை."

"பள்ளப் பக்கம் பொங்கியிருக்கு அத்தான். வந்து ஒரு கை பிடியுங்கோ, வேகுது!"

ரப்பரும் சக்கரையும் சேர்ந்து மணத்த அந்தப் பொங்கலைப் போல ருசியான ஒன்றை நான் பிறகு சாப்பிட்டதில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த போதுதான் கீழ்வீட்டுக் கிழவர் நாயோடு வந்தார்.

புகையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் புகையைப் பார்க்கவில்லை. நெருப்பையும் பார்க்கவில்லை. முழங்காலில் நின்று கல்லைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி ஒரு விரலால் தொட்டார். சுட்டுவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டார். வீட்டில் நோர்வேஜிய மொழி ஓடுகிற ஒரே ஆள் நான்தான். அந்தப் பெருமையில் நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம்.

"இந்தக் கல்லு எங்கை எடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

"காட்டுக்குள்ள கிடந்தது எண்டு சொல்லு பிள்ளை" என்றார் மாமா.

சொன்னேன். கிழவர் நீளமாகப் பதில் சொன்னார்.

"கிடந்தது இல்லையாம், பதிச்சு வைச்சதாம். அது ராசாவின்ர ரோட்டாம்."

பொய்யில்லை. ராசாவின் ஆணையில் போட்ட நெடுஞ்சாலைகளுக்கு இங்கே அப்படித்தான் பெயர். ஆனால் அதை விளக்குகிற அளவுக்கு எனக்கு அறிவும் இல்லை, அவசரப்பட்ட வாய்க்கு நேரமும் இல்லை. அம்மாவின் கை வாயருகே நின்றுவிட்டது.

"ராசாவின்ர ரோட்டோ? ஐயோ, இப்ப இருக்கிற ராசாவோ?"

அப்பா திசைகாட்டியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார், அதையும் காட்டிலிருந்து எடுத்தவர்போல. அம்மா ஒரு கிண்ணத்தில் பொங்கலைப் போட்டுக் கிழவரிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். சாப்பிடவில்லை. மாமாவை விரலால் காட்டி ஒன்று சொல்லிவிட்டு, கிண்ணத்தோடு போய்விட்டார்.

"நாளைக்குக் காலமை வருவாராம். மாமாவை வீட்டை நிக்கட்டாம்."

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் யாரும் தொலைக்காட்சி போடவில்லை. மாமா சின்னப் பை ஒன்றை அடுக்கினார்.

"நான் பியோர்ண்டாலுக்குப் போறன் அக்கா. கூட்டாளி வீட்டை கொஞ்ச நாள் நிக்கிறன்."

"ஓடினா உண்மையாவே கள்ளன் எண்டுதான் நினைப்பாங்கள்" என்றார் அப்பா. "முடிவு வாற நேரத்தில பொலிசு கிலிசு எண்டு போனா, உன்ர விண்ணப்பம் குப்பைக்குள்ளதான்."

"அவன் போகட்டுமே" என்றாள் அம்மா. பிறகு, "வேண்டாம், நில்லு" என்றாள். பிறகு பையை அவரிடமிருந்து பறித்து, உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து, திரும்பவும் மடித்து உள்ளே வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கல்லுக்கு இத்தனை பாடா!

காலையில் கிழவர் வந்தார். கூடவே இன்னொரு ஆள், மின்னுகிற செம்மஞ்சள் மேலங்கி போட்டு, கையில் நிலம் கிண்டுகிற அலவாங்கோடு. வாசலில் நின்று மாமாவைக் கேட்டார்கள். அகதி விசாரணைக்குப் போவதற்கென்று வாங்கிய கோட்டை மாமா போட்டுக்கொண்டு வந்து நின்றார். டை வேறு. கிழவர் டையைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். ரோட்டின் கரைக் கற்கள்தான் உள்ளே இருக்கிற மற்றக் கற்களைப் பிடித்து நிறுத்துகின்றனவாம். கரையில் கிடங்கு இருந்தால் தண்ணீர் இறங்கி உறைந்து, அந்த வரிசை முழுவதையும் கிளப்பிவிடுமாம். பனி கரைந்ததும் இந்த ரோட்டைக் காப்பாற்றுவதா, கிண்டி எறிவதா என்று பார்க்கப் பெரிய இடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். கல் எந்த இடத்தில் இருந்தது என்று பனிக்கு அடியில் காட்டக்கூடிய ஆள் மாமா ஒருவர்தானாம்.

"ரோட்டைக் காட்டிவிட்டா சரியாம்" என்று நான் சுருக்கினேன். "பின்னேரம் கொண்டுவந்து விட்டிடுவினமாம்."

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சப்பாத்தை மாட்டத் தொடங்கினேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா? தவிர, கொண்டுபோவதற்கு மூன்று கல்லும் ஏறியிருந்தது என்னுடைய பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில். அம்மா என் கையை எட்டிப் பிடித்தாள். நோகும்படி பிடித்தாள்.

"நீ போக வேண்டாம். ஒராள் போறது போதும்."

குளிருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, நான் கோபத்தில் இரண்டு காலையும் உதைத்து அழுதேன்.

அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா ஜன்னலில் நின்றாள். அடுப்பைப் போடவில்லை. எனக்குப் பசித்தபோது பாணும் ஜாமும் தந்தாள், பூச மறந்து தனித்தனியாக. தொலைபேசி அடித்தபோது எடுக்கவில்லை. நான் கணக்குப் பாடம் செய்கிறேன் என்று பொய் சொன்னேன், கேட்கவில்லை. வழக்கமாக அந்தப் பொய்யை அவள் பாதியிலேயே பிடித்துவிடுவாள். வெளியே வெளிச்சம் வடியத் தொடங்கியது. அவள் நெற்றி பட்ட இடத்தில் கண்ணாடியில் மூச்சுப் புகார் பூத்து, மறைந்து, திரும்பப் பூத்தது.

இருட்டுப்படும்போது காட்டுப் பக்கமிருந்து மூன்று உருவங்கள் வந்தன. நடுவில் வந்ததற்கு இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தது. அது மாமா. கதை சொல்லும்போது அவர் கை சும்மா இருக்காது.

மணி அடிக்க முன் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். மாமா அந்த மற்ற ஆளின் செம்மஞ்சள் மேலங்கியோடு நின்றார். டையில் கரி. மூக்கு நுனி தக்காளி.

"அக்கா, மண் இறுகிப்போய்க் கிடந்தது. அலவாங்கே இறங்கேல்லை. அந்த மனுசன் என்ன செய்தவர் தெரியுமே? ரோட்டிலயே நெருப்பு மூட்டினவர்! நேற்று நான் மூட்டினதுக்கு அந்த முறை முறைச்ச ஆள்! மண் இளகினாப் பிறகு கல்லை இறக்கி, இறுக்கி, சுத்தியலாலை தட்டி… அசையாது இனி. மேயில ரோட்டுத் துப்பரவாக்க வரச் சொல்லிப்போட்டார். உன்ர பொங்கலில திராட்சைப் பிளம்ஸ் நல்லாயிருந்ததாம், கஜுப் பருப்பை நாய் திண்டிட்டுதாம்."

அம்மா அவரைத் தோளில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். முதுகைப் பார்த்தாள். கைகளைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கிழவரும் மற்றவரும் மரியாதையாக வேறெங்கோ பார்த்தார்கள்.

"விசரா!" என்று பிறகு கத்தினாள். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாடா உள்ளுக்கு! கார்ப்பெட் முழுக்கத் தண்ணி!"

மாமாவுக்கு அடுத்த வருடம் இங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. கல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரோட்டும் தப்பியது.

அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அலுமாரித் தட்டில் அவருடைய படம் இருந்தது, மாலை போடாமல். அவரையும் ஊரில் ஒருநாள் காலையில் இரண்டு பேர் வாசலுக்கு வந்துதான் கேட்டார்கள். ஒன்றுமில்லை, ஒரு இடத்தைக் காட்டிவிட்டால் சரி, பின்னேரம் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இதை எனக்கு அம்மா சொன்னது, நானே ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். மாமாவை ஏசி முடித்த கையோடு அம்மா குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கிற பாடாயில்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அந்தக் கிழமைதான் எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் போய்க் கதவைத் தட்டி, குழாயைப் பூட்டச் சொல்லி அம்மாவுக்குப் புத்தி சொன்னேன்.