முதுகு மட்டும் தெரிந்த படம்

சாயிரா விதவையா இல்லையா என்று மரக்காணத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சாயிராவுக்குத் தெரியும். இல்லவே இல்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஏமனில் சண்டை மூண்டபோது, அவள் புருஷன் கமாலுதீன் ஏடன் துறைமுகத்தில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். திடீரென்று போன் நின்றுபோனது. கப்பலேறித் தப்பி வந்தவர்களில் அவன் இல்லை. சில வாரம் கழித்துப் பேப்பரில் ஒரு படம் வந்தது. ஒருவன் குழந்தையைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது.

சாயிராவுக்கு அது போதும். ஜாக்கெட் தைத்தே பழகிய அவள் கை முதன்முதலாகத் தைத்த ஆம்பளைச் சட்டைதான் அந்த முதுகில் இருந்தது. துணி பற்றாமல் தோள்பட்டையில் இரண்டு துண்டு ஒட்டுப்போட, ஒன்றில் கோடு நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் போய்விட்டது. “டெய்லரம்மா, முதுகுல ரோடு போட்டுட்டியே” என்று கிண்டலடித்துவிட்டு அதையே போட்டுக்கொண்டு பிளேன் ஏறிய மனுஷன். இந்தக் கோணல் தையல், துனியா முழுக்கத் தேடினாலும் வேறு எந்த டெய்லருக்கு வரும்?

அதனால் புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா அவள் இருக்கவில்லை. ஒரு சொட்டு அழவில்லை. மௌத்தான வீடுகளுக்குத் துக்கம் கேட்கப் போனால் விதவைகள் பக்கம் உட்காரமாட்டாள். துபாயில் புருஷன் இருக்கிற பெண்களோ இவளைத் தங்களோடு சேர்க்கமாட்டார்கள். சாயங்காலம் பக்கத்து வீட்டு வீடியோ காலில் ஒரு ஆண்குரல் “சாப்டியா?” என்று கேட்டால், இவள் மெஷினை வேகவேகமாக மிதிப்பாள். மெஷின் நின்றால் உப்பளத்துக் காற்றையும் சுவரில் ஒட்டிய அந்தப் படத்தையும் தவிர பேச்சுத்துணை கிடையாது.

இப்போது மகள் ஹுமாவுக்கு நிக்காஹ். பத்திரிகையில் தகப்பன் பேருக்கு முன்னால், இறந்தவர்களுக்குப் போடும் ‘மர்ஹூம்’ போடுவதா வேண்டாமா? கமாலுதீனின் தம்பி ஆசிப் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“போடலைன்னா, அத்தா ஏன் நிக்காஹ்வுக்கு வரலைன்னு மாப்பிள்ளை வீட்ல கேப்பாங்க அண்ணி. நான் என்னத்தச் சொல்றது?”

“உங்க அண்ணன் இருக்காரு தம்பி. போட்டோவுல நிக்கிறாரே, தெரியலையா?”

ஹுமாதான் படத்தின் கீழே இருந்த பேரைத் தேடிப்பிடித்து, அந்த வெளிநாட்டு போட்டோகிராபருக்கு மெயில் அனுப்பினாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. அன்றைக்கு அந்த ஆளின் பேர்கூடக் கேட்காமல் வந்தது இன்னும் உறுத்துகிறது என்று எழுதி, அதை அடுத்து எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார்.

அதில் அந்த ஆள் திரும்பியிருந்தான். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. ஏமன்காரப் பையன். காலர், பாக்கெட், பட்டன் எல்லாமே சாயிரா தைத்தது. சட்டைக்குள் இருந்தவன்தான் அவள் புருஷன் இல்லை.

“அத்தாவே கழட்டிக் குடுத்திருக்கலாம்மா” என்றாள் ஹுமா, குரல் உடைந்து.

குடுத்தானோ, குடுக்கும் நிலையில் இல்லையோ, அதை எந்த கேமராவும் எடுத்து வைத்திருக்கவில்லை. பத்து வருஷமாக சாயிரா எவன் முதுகையோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் ஆசிப்புக்கு அவளே போன் போட்டாள்.

“மர்ஹூம்னே போட்டுடுங்க தம்பி. பொண்ணு நிம்மதியாப் போவட்டும்.”

“சரி அண்ணி.”

“பிரஸ்ல சொல்லி, ஒரே ஒரு கார்டு மட்டும் அது போடாம அடிச்சிக் குடுங்க. அது எனக்கு.”