நான் உபவாசத்தால் மெலியவில்லை

போன வருடம் எங்கள் சபையில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். இருபத்தொரு நாள் உபவாசம் இருந்தேன், கர்த்தர் என் உடம்பின் பாரத்தை எடுத்துப்போட்டார் என்றேன். சபையே கைதட்டியது. அது பொய். இப்போது உண்மையை எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

குருவிட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாதம் ஒருமுறை மிட்வைஃப் வந்து குழந்தைகளை நிறுப்பார். ஒருநாள் விளையாட்டாக நானும் தராசில் ஏறினேன். எண்பத்தாறு கிலோ.

"தராசு தப்பிச்சிருச்சா?" என்று, வீட்டில் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளிக்கப் போய் அழுதேன்.

மெர்சி அக்கா என் ஜெபத் துணை. என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவர். இரத்தினபுரியில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக் கொடுக்கிறார். அவரிடம்தான் அழுதேன். அடுத்த வாரம் ஒரு வெள்ளைக் காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். மேலே ஒரு எழுத்தும் இல்லை.

"டொக்டர்மாரு எழுதிக் குடுக்குற மெலியிற மருந்துதான். ஒண்ணும் செய்யாது. காலையில வெறும் வயித்துல போட்டுக்க" என்றார். பொட்டலத்தின் மேல் கைவைத்து ஜெபித்தார். அந்த ஜெபத்தில்தான் நான் ஏமாந்தேன். ஜெபித்துக் கொடுத்த மருந்துக்குப் பெயர் கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

"யாராச்சும் கேட்டா உபவாசம்னு சொல்லிரு. இந்த மாசம் சபையில உபவாசம் இருக்கத்தானே போறோம்?"

இரண்டு மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தது. சட்டையெல்லாம் தொளதொளத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உபவாசம் என்றேன். கடைசியில் சபையிலும் அதையே சொன்னேன். ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்தது. பால் போத்தலைப் பிடித்தால் கை நடுங்கியது. தூக்கமே இல்லை. அக்காவிடம் சொன்னேன்.

"கொழுப்பு கரையுதுல்ல, அப்படித்தான் இருக்கும். இன்னொண்ணு சேத்துப் போடு."

போட்டேன். புத்தி கெட்டவள், போட்டேன்!

ஒருநாள் காலை, ஒன்பது மாதக் குழந்தை ஒன்று என் மடியில் இருக்க, கண் இருட்டியது. சுவரோடு சாய்ந்து அப்படியே சரிந்தேன். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கே நான் ஆயுசுக்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரரும் பாஸ்டரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? உபவாசம். என் சாட்சியைத்தானே அவர்கள் நம்பியிருந்தார்கள். டொக்டர் நம்பவில்லை. வேறு மருந்து ஏதும் எடுத்தாயா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

சாயந்தரம் மெர்சி அக்கா வந்து வார்டே கேட்கும்படி ஜெபித்தார். பிறகு காதருகே குனிந்தார்.

"என் பேர மட்டும் இழுத்துராத. வேலை போயிரும்."

சரி என்று தலையாட்டினேன். அவர் வாசலுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"நான் அப்பவே சொன்னேன் தம்பி, இப்படிப் பட்டினி கெடக்காதன்னு. கேட்டாளா?"

ஐயோ, அந்த நேரம் என் வயிறு எரிந்த எரிச்சல்! நான் செத்தாலும் பழி என் மேல்தான். அதுவும் கர்த்தருடைய பேரில். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு, "அப்பா, பொய் சொன்ன வாய் இது. நீங்களே திறங்க, என்னால முடியல" என்று ஜெபித்தேன்.

மறுநாள் டொக்டர் மூன்றாவது தடவை கேட்டார். வாய் திறந்தது. சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். வீட்டுக்காரர் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். இரத்தம் சோதித்தார்கள். அது தைரொய்ட் மாத்திரை. அந்த நோய் உள்ளவர்களுக்குத் தேவையான மருந்து. நோயில்லாத என் இதயத்தை அது ஓடவிட்டு அடித்திருக்கிறது. உடம்பு குறைக்கவும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் ஆளைச் சோதித்துப் பார்த்துத்தான் கொடுப்போம், கொடுத்த பிறகும் கவனிப்போம், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் உன் இதயம் நின்றிருக்கலாம் என்று டொக்டர் ஏசினார். அந்த ஏச்சு எனக்கு ஆசீர்வாதம்.

இப்போது எண்பத்து மூன்று கிலோ. போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. கிளினிக் போகிறேன், நடக்கிறேன், தேத்தண்ணியில் சீனியை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் தராசுப் பகிடியை விட்டுவிட்டார். அக்காவை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். வாய் ஆமாம் என்கிறது. நெஞ்சு இன்னும் சொல்லவில்லை. அதற்கும் ஜெபிக்கிறேன்.

குணமானதும் சபையில் மறுபடி எழுந்து நின்று, அன்று சொன்னது பொய் என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மூன்று சகோதரிகள் எனக்காகக் காத்திருந்தார்கள். கைப்பையைத் திறந்தார்கள். மூன்றிலும் அதே வெள்ளைப் பொட்டலம். "உங்க சாட்சியக் கேட்டு நாங்களும் உபவாசம் இருந்தோம், கொறையல. உங்க ஜெபத் துணைன்னு அந்த அக்காகிட்ட போய்க் கேட்டோம், இதத்தான் குடுத்தாங்க" என்றாள் ஒருத்தி.

அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் நான்கு பேரும் பொட்டலங்களோடு ஒரே பஸ்ஸில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

என் வாயைத் திறந்த கர்த்தர் உங்கள் வாயையும் திறப்பார், நம்புங்கள். பெயரில்லாத பொட்டலம் உங்களிடமும் இருந்தால், ஜெபித்துவிட்டு அதை டொக்டர் மேசையில் வையுங்கள். வெட்கமாக இருந்தால் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.