கவலை இறைத்துக் கற்ற வசனம்

ஆலயத்தில் பழைய மின்விசிறி கிறீச்சிட்டது. வேதபாடம் வாசித்த பிள்ளை ஓர் அதிகாரத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டான். எனக்கோ, வெள்ளைக்காரர் காலத்தில் நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் கிணற்றில் கேட்ட உருளைச் சத்தம் நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. விடிந்ததும் மாடுகளைப் பூட்டி, கிணற்று நீரைப் பெரிய சால் வாளியில் இழுத்துக் கவலை இறைப்பார். மடை திருப்பியபடி அம்மா ஒரு வேதவசனம் சொல்வாள். மாடுகள் சரிவில் இறங்கி, சால் நீரோடு மேலேறும்போதெல்லாம் அப்பா அதைத் திருப்பிச் சொல்வார். அதன்படி நடந்து பார்த்த பிறகே அடுத்ததைக் கேட்பார்.

மன்னிப்பைப் பற்றிய வசனம் மட்டும் மாதக்கணக்கில் நகரவில்லை. கிணற்றில் பங்குள்ள பெரியப்பாவோடு தண்ணீர் முறைக்காக அப்பாவுக்குச் சண்டையாகி, பேச்சே நின்றிருந்தது.

"ஏனுங்க, வேற வசனம் சொல்லட்டுங்களா?" என்பாள் அம்மா.

"இருக்கட்டும் புள்ள. இது இன்னும் உள்ள எறங்கல."

அந்தக் கோடையில் பெரியப்பாவின் மாடு நொண்டியது, நீரில்லாமல் அவருடைய மஞ்சள் பயிர் வாடியது. அவருடைய முறை நாளில் அப்பா எங்கள் மாடுகளைப் பூட்டி அவர் வயலுக்கு இறைத்தார். மண்வெட்டியோடு வந்து நின்ற பெரியப்பா, "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு ஓட்டு சாமி" என்றார்.

உச்சிப் பொழுதில் வீடு திரும்பிய அப்பா, "அடுத்த வசனத்தச் சொல்லு புள்ள" என்றார்.

ஆலயத்தில் எல்லோரும் பாட எழுந்துவிட்டார்கள். நான் இன்னும் அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தில்தான் இருந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.