சூரியனுக்கு டச்சப்

ஒரு வாரமாக மொட்டை மாடியில் தொலைநோக்கிக்குச் சூரிய வடிகட்டி மாட்டி, தினம் ஒரு படம் எடுத்தேன். சூரியனிலுள்ள கரும்புள்ளிகள் நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும். ஏழு படங்களையும் வரிசையாக வைத்தால், சூரியன் தன்னைத்தானே சுற்றுவது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். நாளைக்கு மேலூர்ப் பள்ளியில் கண்காட்சி.

இன்று பழங்காநத்தம் ஸ்டுடியோவில் பிரிண்ட் வாங்கினேன். ஏழிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

"புள்ளியெல்லாம் எங்கே தம்பி?" என்றேன்.

"எடுத்துட்டேன் சார். மாப்பிள்ளை போட்டோவுல பரு எடுப்போம்ல, அது மாதிரிதான். உங்களுக்காகக் கலரும் லேசாத் தூக்கிருக்கேன்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அதைக் காட்டத்தான் படமே எடுத்தேன்."

"அதுக்கென்ன சார், வச்சுத் தந்துருவோம். எம்புட்டு வேணும்?"

பொறுமையாக ஓர் உதாரணம் சொன்னேன். "எக்ஸ்ரேயில எலும்பு முறிவை அழிச்சிட்டா டாக்டர் எதைப் பாப்பாரு?"

"எக்ஸ்ரேயெல்லாம் நாங்க போடுறதில்ல சார்."

நல்லவேளை, மூலப்படங்கள் என் பென் டிரைவில் இருந்தன. பக்கத்திலேயே உட்கார்ந்து, எதையும் திருத்தவிடாமல் ஏழையும் மறுபடி பிரிண்ட் போடவைத்தேன். வழக்கமாகப் பின்பக்கம் குத்தும் கடை முத்திரையை மட்டும் குத்த மறுத்துவிட்டார்.

"இம்புட்டுக் கறையோட போட்டோ வெளிய போனா எங்க பொழப்பு என்னாகுறது சார்?"

வீட்டுக்கு வந்ததும், என் பணிநிறைவு விழா ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அதே கடையில் போட்டதுதான். என் இடது கன்னத்து மச்சத்தைக் காணோம்.

பழைய மாணவர்கள் யாரிடமாவது மச்சத்தோடு என் படம் இருந்தால் இந்தப் பதிவின் கீழே கமெண்ட்டில் போடுங்கள்.