தையல் மெஷின் விற்ற ஐயா

எங்கள் நாட்டுக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து மகனோடு வந்து தங்கிய ஹில்ஸ்பரோ வீட்டுக்கு, இன்று தூசு உறிஞ்சும் மெஷின் விற்க ஒருவர் வந்தார். ஆட்டுப் பண்ணையில் பிறந்தவராம். தடித்த விரல்களால் அவர் ஒரு சின்னத் திருகாணியோடு போராட, எனக்கு ஐயாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

அப்பாவை நான் ஐயா என்றே கூப்பிடுவேன். புகையிலைத் தோட்டத்தில் வளர்ந்த ஐயா, யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகத் தையல் மெஷின் விற்றார். காய்த்துப்போன அந்த விரல்களுக்கு ஊசி கோர்க்க வராது. கூடப் போய்க் கோர்த்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் போனது என் வகுப்புத் தோழனின் வீட்டுக்கு. வெட்கத்தில் வேலியோரம் நின்றுவிட்டேன்.

"உங்கட மகனோ?" என்று தோழனின் அம்மா ஐயாவிடம் கேட்டார்.

"இல்லை," என்று நான் முந்திக்கொண்டேன்.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. நூலை அந்த அம்மாவிடமே நீட்டினார்.

"என்ர கை மண்வெட்டிக்குப் பழகினது, தங்கச்சி. நீங்களே கோத்துப் பாருங்கோ."

அந்த அம்மா சிரித்தபடி கோர்த்தார், தைத்தார், பிறகு எழும்ப மனமில்லாமல் மெஷினையே வாங்கிவிட்டார்.

வெளியே வண்டியில் ஏறிய ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ஆர் பெத்த பிள்ளையோ, ஏறும் தம்பி, வீட்டை போவம்."

வழி முழுக்க இருவரும் சிரித்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அதுதான். நான் அதைச் சிரித்தே கழித்துவிட்டேன்.