வேரோடு வந்த பல்

“பொம்பளப் புள்ள கைக்குக் கடவாய்ப்பல்லு வருமுங்களா? ஒடைச்சுக் கிடைச்சுப் போட்றாதீங்க சாமி.”

வள்ளியக்காவின் கணவர் முருகேசண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னது இது. அந்த ஒரு பேச்சுக்காக அவர் மனைவியின் உதட்டை நான் மரத்துப்போக வைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் பல் மருத்துவர். புதுச்சத்திரத்தில் சிறிய கிளினிக். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

அக்காவின் ஞானப்பல் சாய்ந்து கிடந்தது. கீழுதட்டுக்குப் போகும் நரம்பை அதன் வேர் தொட்டுக்கொண்டிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடலாம், நரம்பு தப்பிக்கும். அதற்கான கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செய்யவும் தெரியும்.

ஆனால் துண்டாக வந்த பல்லைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள்? டாக்டர் உடைத்துவிட்டார் என்பார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்...

நெம்பினேன். வேர் அசையவில்லை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே... இன்னும் அழுத்தி நெம்பினேன்.

பல்லைக் கழுவி அண்ணனின் உள்ளங்கையில் வைத்தேன். “அட, வேரோட வந்திருச்சுங்களே!” அவர் வேலை செய்யும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினார். அங்கிருந்து என்னிடம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அக்காவின் கீழுதட்டுக்கு உணர்வு திரும்பவேயில்லை. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது; மகள்தான் துடைத்து விடுகிறாள். “சில பேருக்கு நரம்பு வாகு அப்படிங்க்கா” என்றேன். “என்ற ஒடம்பு வாகுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, உடுங்க” என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

அழுதேனா? இல்லை. அன்றும் சாப்பிட்டேன், தூங்கினேன்.

போன வாரம் பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். அதே மாதிரிப் பல், அதே மாதிரி வேர். “முழுசா எடுத்துக் கையில குடுப்பீங்களாமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். தலையை வெட்டி எடுத்து, வேரை விட்டு, தையல் போட்டேன். எழுந்து உதட்டைத் தொட்டுப் பார்த்து, “மரப்பு எப்பங்க போகும்?” என்றார். சாயங்காலம் போய்விடும் என்றேன். போய்விட்டது. எவ்வளவு எளிது!

இன்று காலை முருகேசண்ணனுக்குப் போன் செய்தேன்.

“அக்காவக் கூட்டிட்டு வாங்கண்ணா. அது நரம்பு வாகு இல்ல. நான் பண்ணுன தப்பு. எக்ஸ்ரே படத்த வெச்சுச் சொல்லோணும்.”

அவருக்குப் புரியவில்லை போலும். இப்படிக் கேட்டார்:

“அந்தப் பல்லு என்ற கிட்டத்தான் இருக்குது. எடுத்தாரட்டுங்களா?”

“எடுத்துட்டு வாங்க” என்றேன்.